கடவுளைப் பழிக்காத ஒரு பிரார்த்தனை: சூலியா பள்ளிவாசல் வழக்கும் சமய நிந்தனைச் சட்டமும்

சிங்கப்பூரின் சௌத் பிரிட்ஜ் சாலையில் ஜாமியா சூலியா பள்ளிவாசலும் ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. பள்ளிவாசல் 1826இல் தொடங்கியது, கோயில் 1827இல். இவ்விரண்டையும் வைத்துத்தான் அக்கம்பக்கத்துத் தெருக்களுக்கு மாஸ்க் ஸ்திரீட், டெம்பிள் ஸ்திரீட், பகோடா ஸ்திரீட் என்று பெயர் வந்தது. 2017 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமைத் தொழுகையின்போது அந்தப் பள்ளிவாசலின் இமாம் அரபு மொழியில் ஒரு பிரார்த்தனை ஓதினார். குர்ஆன் வசனங்களோடு சேர்த்து ஓதிய கூடுதல் வரிகளில், யூதர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் எதிராக எங்களுக்கு உதவு இறைவா என்று பொருள்படும் ஒரு வரி இருந்தது. அது குர்ஆனில் உள்ளதன்று. இந்தியாவில் அவருடைய ஊரில் வழிவழியாக ஓதிவந்த பழைய அரபுப் பாடம் என்பது விசாரணையில் தெரிந்தது.

பிப்ரவரி இறுதிவாக்கில் அதன் காணொளி முகநூலில் ஏறியது. மார்ச் 31இல் இமாம் கிறிஸ்தவ, சீக்கிய, தாவோ, பௌத்த, இந்து சமயப் பிரதிநிதிகள் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டார். அடுத்து வாட்டர்லூ ஸ்திரீட்டில் 1878 முதல் இருந்துவரும் மகேன் அபோத் யூத ஆலயத்துக்குச் சென்று யூதத் தலைவர்களிடமும் வருத்தம் தெரிவித்தார். ஏப்ரல் 3இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனைச் சட்டத்தின் 298ஏ பிரிவின்கீழ் 4,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. அதன்பின் அவர் தாயகம் அனுப்பப்பட்டார். காணொளியைப் பதிவேற்றியவருக்கும், அதையொட்டி முகநூலில் எழுதிய இன்னொருவருக்கும் கடுமையான எச்சரிக்கை கொடுக்கப்பட்டது.

சிங்கப்பூரில் தெய்வ நிந்தனைக்குத் தண்டனை உண்டா என்று கேட்பவர்களுக்கு இந்த வழக்கைக் காட்டுவதே சரியான பதில். இங்கே கடவுளை யாரும் திட்டவில்லை. கடவுளிடம் ஒருவர் வேண்டிக்கொண்டார். ஆனாலும் குற்றம் நிகழ்ந்தது. நிந்தனை என்ற சமயக் கருத்துக்கும் இந்நாட்டுச் சட்டம் உண்மையில் காக்கும் பொருளுக்கும் எவ்வளவு தூரம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு வேறில்லை.

சமயங்கள் எதை நிந்தனை என்கின்றன

தமிழில் இதற்கு ஒரே சொல் கிடையாது. கிறிஸ்தவர்களின் பழைய மொழிபெயர்ப்பில் தேவதூஷணம். சைவர்களுக்குச் சிவநிந்தை. தமிழ் முஸ்லிம்கள் இறைநிந்தனை, நபிநிந்தனை என்கிறார்கள். மார்க்க நூல்களில் இதற்கு ‘சப்பு’ என்ற அரபுச் சொல் வரும். மூன்றும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல.

யூத மரபில் குற்றம் மிகக் குறுகலானது: கர்த்தருடைய நாமத்தைத் தூஷிப்பது. லேவியராகமம் 24ஆம் அதிகாரம் அதற்குக் கல்லெறிந்து கொல்லும் தண்டனை விதிக்கிறது. கிறிஸ்தவத்தில் அந்தச் சொல்லின் எல்லை விரிந்தது. ஆனால் சுவிசேஷங்களின்படி பிரதான ஆசாரியன் தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு இயேசுவின்மேலேயே சுமத்திய குற்றச்சாட்டு தேவதூஷணம்தான். இஸ்லாத்தில் அல்லாஹ்வையோ நபிகளையோ ஏசுவது பெருங்குற்றம். செய்தவர் முஸ்லிமா பிறரா என்பதைப் பொறுத்து மத்ஹபுகள் எனப்படும் மார்க்கச் சட்டப் பிரிவுகளிடையே தீர்ப்பு வேறுபடும். ‘அனல் ஹக்’ (நானே மெய்ப்பொருள்) என்று சொன்ன மன்சூர் அல் ஹல்லாஜ் 922இல் பாக்தாதில் கொல்லப்பட்டார். பின்வந்த சூஃபிகள் அதே வாக்கியத்தை இறைக்காதலின் உச்சம் என்று போற்றினார்கள்.

சைவ மரபு இன்னும் நுட்பமானது. சாக்கிய நாயனார் நாள்தோறும் சிவலிங்கத்தின்மேல் கல்லெறிந்தார். அறுபத்து மூவரில் ஒருவராக வைக்கப்பட்டிருக்கிறார். கண்ணப்பர் செருப்புக் காலை லிங்கத்தின் கண்ணருகே ஊன்றினார். சுந்தரர் இறைவனைப் ‘பித்தா’ என்றே அழைத்துப் பாடத் தொடங்கினார். பழிப்பதுபோலப் புகழும் நிந்தாஸ்துதி என்று ஓர் இலக்கிய வகையே உண்டு. அதே பட்டியலில்தான் சத்தி நாயனாரும் இருக்கிறார்: சிவனடியாரை இகழ்ந்து பேசியவர்களின் நாவைக் குறட்டால் இழுத்து அறுத்தவர். கல்லெறிந்தவரும் நாயனார், நாவறுத்தவரும் நாயனார்.

இதில் பார்க்க வேண்டியது, ஒரே சொல்லும் செயலும் உள்ளத்தைப் பொறுத்துப் பக்தியாகவும் நிந்தனையாகவும் மாறுகிறது என்பது. சாக்கியரின் கல்லை வெளியிலிருந்து பார்க்கும் காவல் அதிகாரி, வழிபாட்டுப் பொருளை அவமதித்ததாகத்தான் பதிவு செய்வார். உள்ளத்தை இறைவன் அறிவான் என்பது சமயத்தின் விடை. நீதிமன்றத்துக்கு அந்த வசதி கிடையாது. நிந்தனைச் சட்டங்கள் எங்கெல்லாம் சறுக்கினவோ அங்கெல்லாம் சறுக்கிய இடம் இதுதான்.

இன்னொரு பழைய எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். குர்ஆனின் 6ஆம் அத்தியாயம் 108ஆம் வசனம், அல்லாஹ்வையன்றி மற்றவர்கள் அழைப்பவற்றை ஏசாதீர்கள் என்கிறது. ஏசினால் அவர்கள் அறியாமையினால், பகையினால், அல்லாஹ்வை ஏசுவார்கள் என்று காரணமும் சொல்கிறது. சொல்லின் புனிதத்தைவிட அது கிளப்பும் எதிர்வினையைப் பார்க்கும் வாதம் அது. சிங்கப்பூர்ச் சட்டத்தின் அடிப்படையும் கிட்டத்தட்ட அதே வாதம்தான்.

சட்டம் வந்த வழி

இங்கிலாந்தில் தெய்வ நிந்தனை பொதுச்சட்டக் குற்றமாக இருந்தது. 1676இல் டெய்லர் என்பவரின் வழக்கில் தலைமை நீதிபதி மேத்யூ ஹேல், கிறிஸ்தவம் இங்கிலாந்துச் சட்டத்தின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தார். ஆகவே அதைப் பழிப்பது அரசைப் பழிப்பது. 1979இல் அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை ஒரு படி மேலே போய், பழிக்கும் நோக்கம் இருந்ததா என்று நிரூபிக்கவே தேவையில்லை, வெளியிட்டதே போதும் என்றது. 1990இல் முஸ்லிம்கள் இந்தச் சட்டத்தின்கீழ் ஒரு நாவல்மீது நடவடிக்கை கேட்டபோது, இது கிறிஸ்தவத்தை மட்டுமே காக்கும் என்று நீதிமன்றம் கைவிரித்தது. 2008இல் நாடாளுமன்றம் அந்தக் குற்றத்தையே ஒழித்தது.

இந்தச் சட்டம் நம் ஊருக்கு வந்திருந்தால் சூலியா பள்ளிவாசல் வழக்கில் என்ன ஆகியிருக்கும்? ஒன்றுமே ஆகியிருக்காது. இமாம் இயேசுவையோ பைபிளையோ இழிவுபடுத்தவில்லை. யூதர்கள் சட்டத்தின் காப்புக்குள்ளேயே இல்லை. அண்டை வீட்டாரை உண்மையில் புண்படுத்திய ஒரு வரியை, கடவுளைக் காக்கும் சட்டத்தால் தொடக்கூட முடியாது.

நல்ல வேளையாக இங்கே வந்தது வேறு மரபு. மெக்காலேயின் குழு 1837இல் வரைந்து 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தெய்வ நிந்தனை என்ற குற்றமே இல்லை. எந்தச் சமயம் உண்மை என்று அரசு சொல்ல முடியாத நாட்டுக்காக எழுதியதால் அது மனிதர்களைப் பற்றியே பேசியது. வழிபாட்டிடத்தைச் சேதப்படுத்துவது 295ஆம் பிரிவு. வழிபாட்டுக் கூட்டத்தைக் குலைப்பது 296. இடுகாட்டில் அத்துமீறுவது 297. ஒருவரின் சமய உணர்வைப் புண்படுத்தும் திட்டமிட்ட நோக்கத்தோடு பேசுவது 298. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் இதையே எடுத்துக்கொண்டன. 1872 முதல் இங்கே நடைமுறைக்கு வந்தது.

அடுத்த திருப்பத்தைப் பலர் கவனிப்பதில்லை. இந்தியாவில் 1927இல் 295ஏ சேர்க்கப்பட்டது. நபிகள் நாயகத்தை இழிவுபடுத்திய ஒரு நூலின் பதிப்பாளரை லாகூர் உயர் நீதிமன்றம் விடுவித்ததை அடுத்து எழுந்த கொந்தளிப்பின் விளைவு அது. அந்தப் பிரிவு ஒரு வகுப்பாரின் சமயத்தையோ சமய நம்பிக்கையையோ அவமதிப்பதைக் குற்றமாக்கியது. அதாவது, நம்புகிறவரிலிருந்து நம்பிக்கைக்கு ஓர் அடி நகர்ந்தது. நீரிணைக் குடியேற்றங்கள் 1867இலேயே இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்துவிட்டதால் அந்தத் திருத்தம் சிங்கப்பூரை எட்டவில்லை. பாகிஸ்தான் அதே பிரிவின்மேல் 1982இல் 295பி, 1986இல் மரண தண்டனைக்கு வழிவிடும் 295சி என்று கட்டிக்கொண்டே போனது. ஒரே அடிமரம், கிளைகள் மட்டும் வேறு திசையில்.

295ஆம் பிரிவைப் படிக்கும்போது ஒரு திருச்சி வழக்கு நினைவுக்கு வராமல் இராது. 1953 மே மாதம் ஈ.வெ.ராமசாமிப் பெரியார் திருச்சியில் பொதுவெளியில் களிமண் பிள்ளையார் சிலையை உடைத்தார். அது கோயிலில் வைத்து வழிபட்ட சிலையல்ல, ஆகவே புனிதப் பொருளாகாது என்று கீழ் நீதிமன்றங்கள் புகாரைத் தள்ளின. 1958இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. ஒரு வகுப்பார் புனிதமாகக் கருதும் எந்தப் பொருளும் அதில் அடங்கும், அது சிறியதா பெரியதா, கோயிலில் இருந்ததா என்பதெல்லாம் கேள்வியல்ல என்றது. ஆனாலும் காலம் கடந்துவிட்டதால் விசாரணையை மறுபடி தொடங்கச் சொல்லவில்லை. ‘ஒரு வகுப்பார் புனிதமாகக் கருதும் பொருள்’ என்ற அதே சொற்கள் சிங்கப்பூரின் 295ஆம் பிரிவிலும் உண்டு. இங்கேயும் புனிதத்தை அளக்கும் கோல், அதை நம்புகிறவர்களின் பார்வைதான்.

ஏன் 298 அல்ல, ஏன் 298ஏ

வழக்கின் மையம் இந்தத் தேர்வு.

2017இல் நடப்பிலிருந்த 298இன்படி அரசுத் தரப்பு காட்ட வேண்டியது திட்டமிட்ட நோக்கம்: புண்படுத்த வேண்டும் என்று எண்ணி, இன்னாரின் காதில் விழும்படி அல்லது கண்ணில் படும்படி செய்தது. இமாம் ஓதியது அரபியில், முஸ்லிம்கள் மட்டுமே இருந்த கூட்டத்தில், வழக்கமான பிரார்த்தனையின் நடுவில். யூதரோ கிறிஸ்தவரோ அங்கே இல்லை. அவர்களைப் புண்படுத்தும் எண்ணத்தோடு ஓதினார் என்று நிரூபிப்பது மிகக் கடினம்.

298ஏ 2008இல் நடைமுறைக்கு வந்த புதிய பிரிவு. இது நோக்கத்தைக் கேட்பதில்லை, அறிவைக் கேட்கிறது. இதற்கு இரண்டு கிளைகள். முதலாவது, சமய அல்லது இன அடிப்படையில் பகை, வெறுப்பு, மனக்கசப்பு ஆகியவற்றை அறிந்தே வளர்ப்பது அல்லது வளர்க்க முயல்வது. இரண்டாவது, சமூகங்களுக்கிடையிலான நல்லிணக்கத்துக்குக் கேடானது என்று அறிந்த செயலைச் செய்வது, அந்தச் செயல் பொது அமைதியைக் குலைப்பதாகவோ குலைக்கக்கூடியதாகவோ இருப்பது. மூன்றாண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். பாதிக்கப்பட்டவர் அங்கே இருந்தாரா, காதில் விழுந்ததா, மனம் புண்பட்டதா என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. கேட்டவர்களின் மனத்தில் மற்றவர்மீது என்ன விதைக்கப்பட்டது என்பதே கேள்வி.

ஆனால் ‘அறிந்தே’ என்ற சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டதால் அது நீதிமன்றத்தில் சோதிக்கப்படவில்லை. சிறு வயதில் மனப்பாடம் செய்த பாடத்தை வாரந்தோறும் ஓதுகிறவருக்கு அதன் பொருள் தெரியும். ஆனால் அதன் விளைவு தெரியுமா? ஊரில் யூதரே இல்லாத கிராமத்தில் அந்த வரி வெறும் ஓசை. சௌத் பிரிட்ஜ் சாலையில் அது அண்டை வீட்டாரைப் பற்றிய வாக்கியம். ஒரு பாடத்தைக் கடல் தாண்டிக் கொண்டுவரும்போது அதன் சொற்கள் மாறுவதில்லை, அது குறிக்கும் ஆட்கள் மாறிவிடுகிறார்கள். இந்த வழக்கிலிருந்து எடுத்துச்செல்ல வேண்டிய பாடம் இதுவே என்பது எங்கள் உறுதியான கருத்து.

தண்டனையின் அளவும் பேசுகிறது. உச்சவரம்பு மூன்றாண்டு இருக்க, 4,000 வெள்ளி அபராதத்தோடு முடிந்தது. உடனே ஒப்புக்கொண்டது, சம்பந்தப்பட்ட சமூகங்களிடம் நேரில் சென்றது, கொந்தளிப்பு ஏதும் வெடிக்காதது எல்லாம் சேர்ந்தே அது அமைந்திருக்க வேண்டும். 2009இல் ஒரு தம்பதி இஸ்லாத்தை இழிவுபடுத்தும் துண்டுப் பிரசுரங்களை முஸ்லிம்களின் முகவரிகளுக்கே அஞ்சலில் அனுப்பியதற்கு, தேச நிந்தனைச் சட்டம், விரும்பத்தகாத வெளியீடுகள் சட்டம் ஆகியவற்றின்கீழ் ஆளுக்கு எட்டு வாரச் சிறை கிடைத்தது. அங்கே பெறுநரைத் தேர்ந்தெடுத்த செயலே நோக்கத்தைக் காட்டிக்கொடுத்தது. 2015இல் லீ குவான் இயூ மறைந்த சில நாள்களில் அவரையும் இயேசுவையும் ஒப்பிட்டு இழித்துப் பேசிக் காணொளி வெளியிட்ட 16 வயது இளையர், 298இன்கீழும் ஆபாசப் படம் வெளியிட்டதற்கும் நான்கு வாரச் சிறைத் தண்டனை பெற்றார். கிறிஸ்தவர்கள் சிலர் தங்களுக்கு வருத்தமில்லை என்று சொல்லலாம். சட்டம் பார்ப்பது பேசியவரின் நோக்கத்தை. 2010இல் பௌத்த, தாவோ நம்பிக்கைகளைக் கேலி செய்த ஒரு போதகர்மீது வழக்கே தொடுக்கப்படவில்லை. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அழைத்துப் பேசியது. அவர் அந்தச் சமயத் தலைவர்களிடம் சென்று மன்னிப்புக் கேட்டார். பேசியது யார், யாரிடம், எத்தனை முறை, அதன்பின் என்ன செய்தார் என்ற நான்கு கேள்விகளைச் சுற்றியே எல்லாம் நகர்கின்றன.

இவ்வளவு கவனத்துக்குக் காரணம் 1950 டிசம்பரில் முஸ்லிம் குடும்பத்தில் வளர்ந்த டச்சுச் சிறுமி மரியா ஹெர்டோ யாரிடம் இருக்க வேண்டும் என்ற வழக்கையொட்டி வெடித்த கலவரம்: 18 பேர் இறந்தனர், 173 பேர் காயமுற்றனர். 1964 ஜூலை 21இல் நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தில் தொடங்கிய கலவரத்தில் 23 பேர் இறந்தனர். அந்தக் கணக்குத் தெரிந்த தலைமுறை எழுதிய சட்டம் இது.

பதிவேற்றியவர் செய்த தவறு

தீய வரியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவரை எச்சரித்தது அநியாயம் என்று அப்போது பலர் சொன்னார்கள். எங்கள் பார்வை வேறு. பள்ளிவாசலுக்குள் சில நூறு பேர் கேட்ட வரியை, விளக்கமில்லாமல், துண்டுக் காணொளியாக நாடு முழுவதும் கேட்கவைப்பது 298ஏவின் இரண்டாம் கிளைக்கு மிக அருகில் போகும் செயல். நல்லெண்ணத்தோடு செய்தாலும் விளைவு ஒன்றுதான்: ஒரு சமூகத்தின்மீது இன்னொன்றுக்குச் சந்தேகம்.

இப்படி ஒன்றைப் பார்த்தால் முதலில் செய்ய வேண்டியது பகிராமல் இருப்பது. குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் வேண்டாம். இணைப்பு, தேதி, நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்துவைத்து, முழுப் பதிவையும் வெட்டாமல் சேமிக்க வேண்டும். நீங்களே மொழிபெயர்த்து வசன வரி போடக் கூடாது. அரபியிலோ சமஸ்கிருதத்திலோ ஒரு வேற்றுமை உருபு பிசகினால் ‘இன்னாருக்கு எதிராக’ என்பது ‘இன்னாரிடமிருந்து’ என்று மாறிவிடும், குற்றமும் மாறிவிடும். பிறகு காவல்துறையில் புகார் கொடுக்கலாம். பிரச்சினை அறியாமையால் வந்தது என்று தோன்றினால், முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம், இந்து அறக்கட்டளை வாரியம், தேவாலய மன்றம் போன்ற சமய அமைப்பிடம் எழுத்தில் சொல்வது பலமுறை விரைவாகத் தீர்க்கும். புகாரில் எழுத வேண்டியது கேட்ட சொற்களும் சூழலும் மட்டும். அந்தச் சமயத்தைப் பற்றிய உங்கள் கருத்தைச் சேர்த்து எழுதினால் புகாரே இன்னொரு புகாருக்கு வழிவைக்கும்.

நம் கோயில்களுக்கும் இது பொருந்துமா

இந்தக் கேள்வியைத் தமிழர்கள் தவிர்க்கவே கூடாது. திருஞானசம்பந்தரின் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாட்டில் இராவணன் வருவான், ஒன்பதாவதில் அயனும் மாலும் தேடியது வரும், பத்தாவதில் சமணரையும் சாக்கியரையும் (பௌத்தரையும்) கடுஞ்சொல்லால் சாடுவது வரும். ஓதுவார்கள் இவற்றைச் சிங்கப்பூரிலும் பாடுகிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 15 வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 31.1 விழுக்காட்டினர் பௌத்தர்கள். இந்துக்கள் 5 விழுக்காடு. ‘சாக்கியர்’ இங்கே ஏட்டில் உள்ள பெயரல்ல, அடுத்த வீட்டுக்காரர். தேவாலயங்களில் வாசிக்கும் சங்கீதங்களிலும் எதிரிகளைச் சபிக்கும் வரிகள் உண்டு.

அவையும் குற்றமா? இல்லை என்றே நினைக்கிறோம்; ஆனால் காரணத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். பழையது என்பதால் அல்ல. இமாம் ஓதியதும் பழையதுதான். தேவாரத்தின் பத்தாம் பாட்டு ஏழாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் நடந்த ஒரு சமயப் போட்டியின் பதிவு. அது இன்று யாருக்கும் எதிராக எதையும் கேட்பதில்லை. சூலியா பள்ளிவாசல் வரியோ நிகழ்கால வேண்டுதல். வாழும் இரண்டு சமூகங்களைப் பெயர் சொல்லி எதிரிகளாக நிறுத்தியது. ஓதுவார் பாடும்போது சிக்கல் இல்லை. அதற்கு விளக்கம் சொல்ல வரும் சொற்பொழிவாளர், அந்தச் சாக்கியர்களின் வழிவந்தவர்கள் இதோ நம்மைச் சுற்றி இருக்கிறார்கள் என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் அவர் இமாம் நின்ற இடத்துக்கு வந்துவிடுகிறார்.

ஆகவே நிர்வாகக் குழுக்கள் செய்ய வேண்டியது மிகச் சாதாரண வேலை. வெளிநாட்டிலிருந்து வரும் அர்ச்சகர், ஓதுவார், இமாம், போதகர் யாராக இருந்தாலும், விதிக்கப்பட்ட பாடத்துக்கு மேல் அவர் வழக்கமாகச் சேர்த்து ஓதுவது என்ன என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். கேட்போருக்குப் புரியாத மொழியில் உள்ளதற்குப் பொருள் வேண்டும். அதை அந்த மொழி தெரிந்த, அவருக்குக் கீழ்ப்பட்டிராத ஒருவர் பார்க்க வேண்டும். பல குழுக்கள் ஆண்டு விழாப் பேச்சாளரின் தலைப்பைச் சரிபார்க்கின்றன, வாராந்தரப் பிரார்த்தனையைப் பார்ப்பதில்லை. சூலியா வழக்கில் வரி வந்தது வாராந்தரப் பிரார்த்தனையில். குறுகிய காலச் சமயப் பேச்சாளர்களுக்கு 60 நாள் வரையிலான தனி வேலை அனுமதி வாங்கும்போது பேச்சின் விவரம் கேட்கப்படுகிறது. நிரந்தரமாகப் பணியாற்றுகிறவரிடம் அதைக் கேட்கக் குழுவை விட்டால் வேறு ஆளில்லை. முஸ்லிம் சமயப் போதகர்களுக்கு 2005இல் விருப்பத் திட்டமாகத் தொடங்கிய அங்கீகாரத் திட்டம் 2017 ஜனவரி முதல் கட்டாயமானது, அதாவது இந்தச் சம்பவம் நடந்த அதே மாதம். பிற சமயங்களுக்கு அத்தகைய கட்டாய ஏற்பாடு கிடையாது.

நிந்தனைக்கு மிக நெருங்கிய ஒரு பிரிவு சிங்கப்பூரில் உண்டு என்பதையும் குறிப்பிட வேண்டும். 1966ஆம் ஆண்டு முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின் 139ஆம் பிரிவு, முஸ்லிம் சட்டத்துக்கு மாறான போதனையைப் பொதுவில் பரப்புவதைக் குற்றம் என்கிறது. ஒரு கோட்பாடு சரியா தவறா என்று அரசுச் சட்டம் கேட்கும் இடம் இது. இமாமின் வரிமீது இந்தப் பிரிவு ஏவப்படவில்லை, ஏவப்படாததே சரி. பிரச்சினை கோட்பாட்டில் அல்ல, அண்டை வீட்டாரோடு உள்ள உறவில் இருந்தது.

இன்று நடந்தால்

சட்டம் அதன்பின் வெகுவாக மாறியிருக்கிறது. 1990இல் இயற்றிய சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டு, 2022 நவம்பர் 1 முதல் திருத்தங்கள் நடப்புக்கு வந்தன. சமயம் தொடர்பான 298, 298ஏ குற்றங்கள் தண்டனைச் சட்டத்திலிருந்து அங்கே இடம்பெயர்ந்தன. தேச நிந்தனைச் சட்டம் அடுத்த நாளே நீங்கியது. சமய நல்லிணக்கச் சட்டத்தில், பகை வளர்க்கும் பேச்சை நிறுத்தச் சொல்லும் தடுப்பாணை 2019 வரை ஒருமுறைகூடப் பிறப்பிக்கப்படவில்லை. முன்பு ஆணைக்கு முன்னறிவிப்பு தேவை. இணையத்தில் ஒரு காணொளி பரவும் வேகத்துக்கு அது ஒத்துவராது என்பதால் இப்போது உடனே செயல்படும்.

முக்கியமான மாற்றம், சமயத் தலைவரையும் சாதாரண ஆளையும் பிரித்தது. சாதாரண ஆள் பகையைத் தூண்டினார் என்றால் பொது அமைதிக்கு ஆபத்து இருந்ததையும் காட்ட வேண்டும். சமயத் தலைவர் என்றால் அது தேவையில்லை. மேடையும் மரியாதையும் இருப்பவரின் சொல் கனமானது என்பது இதன் நியாயம். நாங்கள் அதை ஏற்கிறோம். வீட்டுக்குள் நடக்கும் தனிப்பட்ட பேச்சுக்குக் காப்பு உண்டு, ஆனால் வெள்ளிக்கிழமைத் தொழுகை அதில் வராது. சமய அமைப்புகளின் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும். 10,000 வெள்ளியும் அதற்கு மேலும் வரும் வெளிநாட்டு நன்கொடையைத் தெரிவிக்க வேண்டும்.

எங்களுக்குள்ள கவலை ‘அவமதிப்பு’ என்ற சொல்லைப் பற்றியது. உணர்வை அளவுகோலாக வைத்தால் அதிகம் கொதிப்பவருக்கு அதிகப் பாதுகாப்பு என்றாகிவிடும். அமைதியாக இருக்கும் சமூகத்தைப் பற்றி எதுவும் பேசலாம் என்றும் ஆகும். ஒரு நம்பிக்கையை வாதத்தால் மறுப்பதும் அதை நம்புகிறவரை இழிவுபடுத்துவதும் வேறு என்ற கோட்டை, விசாரணை அதிகாரி முதல் நீதிபதி வரை ஒவ்வொரு வழக்கிலும் புதிதாக வரைய வேண்டியிருக்கிறது. சாதி எதிர்ப்பும் பகுத்தறிவுப் பேச்சும் மதம் மாறியவரின் சாட்சியமும் அந்தக் கோட்டின் சரியான பக்கத்தில் நிற்க வேண்டும்.

புதிய சட்டத்தில் சமூகச் சீரமைப்பு நடவடிக்கை என்ற ஏற்பாடும் வந்திருக்கிறது. தவறு செய்தவர் மன்னிப்புக் கேட்கவும், புண்பட்ட சமூகத்தின் வழிபாட்டிடத்துக்குச் செல்லவும், அவர்களின் நிகழ்வுகளில் கலந்துகொள்ளவும் வாய்ப்புக் கொடுக்கப்படும். ஏற்பது கட்டாயமில்லை, ஏற்றுச் செய்து முடித்தால், வழக்குத் தொடுப்பதா என்று முடிவெடுக்கும்போது அது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். அத்தகைய மன்னிப்பில் ‘யாராவது புண்பட்டிருந்தால்’ என்று தொடங்கக் கூடாது. சொன்ன வரியை ஒப்புக்கொண்டு, அது யாரைப் பற்றியதோ அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்ச் சொல்ல வேண்டும். 2017இல் இமாம் வாட்டர்லூ ஸ்திரீட் யூத ஆலயப் படியேறியபோது அப்படியொரு ஏற்பாடு சட்டத்தில் இல்லை. மன்னிப்பும் கேட்டு, அபராதமும் கட்டி, ஊருக்கும் திரும்பினார்.